தழுவினால் தெரியாத பை

"உங்க ஊட்டு மொதலாளிக்கு இடுப்புல கட்டி ஏதாச்சும் கெளம்பியிருக்குதா?"

மீன் கூடையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாகப் பூவம்மாள் கேட்டாள். "பஜார்ல பாத்தேன். ஒரு பக்கமா சாஞ்சி சாஞ்சி நடக்கிறாரு. மஞ்சளும் வேப்பலையும் அரச்சி வச்சிக் கட்டும்மா. வெக்கப்பட்டுக்கினு இருந்தா உள்ளுக்குள்ளயே பழுத்துடும்."

மலிகா சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற சாக்கில் குனிந்து சிரிப்பை மறைத்தாள். "சூட்டுக் கட்டிதான். தானா அமுங்கிடும்."

கட்டியுமில்லை, புண்ணுமில்லை. மலிகாவின் கணவர் ஜமாலுதீனின் இடுப்பில் இருந்தது ஒரு கைத்துப்பாக்கி. கலெக்டர் ஆபீசில் முறையாக லைசென்ஸ் வாங்கி, சென்னையில் போய் வாங்கி வந்தது. கைக்கு அடக்கமான சாமான்தான். ஆனால் உடம்பில் எங்கே வைத்தாலும் அது அடங்க மறுத்தது.

கடலூர் ஓல்டு டவுனில் ஜமாலுதீனுக்கு முந்திரி வியாபாரம். போன வருஷம் சீசனில், காடாம்புலியூரில் சரக்குப் பார்த்துவிட்டு ஜீப்பில் தனியாகத் திரும்பும்போது, தோப்புப் பாதையில் ஒரு கிளை குறுக்கே கிடந்தது. இறங்கி அதை இழுத்துப் போடக் குனிந்தவரைப் பின்னாலிருந்து யாரோ அடித்தார்கள். கண் விழித்தபோது கைப்பையும் கடிகாரமும் போயிருந்தன. பின்மண்டை பிளந்து ரத்தம் சட்டையெல்லாம் காய்ந்திருந்தது. அடித்தவனின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. போலீசாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

காயம் ஆறி, தழும்பின் மேல் முடியும் வளர்ந்துவிட்டது. துப்பாக்கி லைசென்ஸ் எதற்கு என்று கேட்ட ஓரிருவரிடம், "நாலு ஊரு சுத்துற வியாபாரி, ஒரு பந்தோபஸ்து வேணாமா?" என்று மிடுக்காகச் சொல்லிக்கொண்டார். அவர்களும் நம்பினார்கள்.

மலிகாவுக்கு மட்டும் வேறு சில சங்கதிகள் தெரியும். கடையில் அவர் தன் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டது தெரியும். பெருநாள் தொழுகை முடிந்து எல்லாரும் ஒருவரையொருவர் தழுவிக்கொள்கிற நேரத்தில், செருப்பைத் தேடுகிறவர்போல் முதல் ஆளாக வெளியே வந்துவிட்டது தெரியும். ஒருநாள் வீட்டில், எண்ணெய் தேய்த்துவிடலாம் என்று பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்தாள். அவர் துள்ளி எழுந்து திரும்பியபோது அந்த முகத்தில் இருந்த மிரட்சியை அவளால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவரிடம் போகும்போதெல்லாம் நான்கடி முன்னாலேயே கையை ஆட்டி வளையலைக் குலுக்கிவிட்டுத்தான் போவாள். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. கட்டியணைப்பது என்ற ஒன்றே அந்த வீட்டில் இல்லாமல் போய்விட்டது.

இந்த நிலையில்தான் சிதம்பரத்தில் மலிகாவின் தங்கை ஜெய்னபுக்கு நிக்காஹ் குறித்தார்கள். வாப்பா இல்லாத வீடு. உம்மா சைதுன் பீவியும் அண்ணன் நஸ்ருதீனும்தான் ஓடியாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. புது மாப்பிள்ளை வந்து இறங்கியதும் மூத்த மருமகன்தான் வாசலில் நின்று மூன்று முறை தழுவி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்கார வைக்க வேண்டும். மூத்த மருமகன் ஜமாலுதீன்.

"நீ புள்ளைங்கள கூட்டிக்கினு போய்ட்டு வா. நான் வரல," என்றார் அவர்.

"ஏன் மச்சான்?"

"அது இல்லாம என்னால அந்த ரோட்டுல வர முடியாது. அதோட வந்தா அங்க போயி நிக்க முடியாது. ஆளாளுக்குக் கட்டிப்புடிப்பாங்க. இன்னா இது கல்லு மாதிரின்னு தடவிப் பாப்பாங்க. கல்யாண ஊட்டுக்குத் துப்பாக்கியோட வந்தான்னு ஊரே சிரிக்கும்."

"நீங்க வராம, அந்தப் பையன் வாசல்ல தனியா நின்னா மட்டும் ஊரு சிரிக்காதா? ஜெய்னப் ஆயுசுக்கும் கேக்க மாட்டாளா, எங்க மச்சான் ஏன் வரலன்னு?"

அவர் இடுப்பைத் தடவிக்கொண்டார். மலிகா அந்தக் கையைப் பார்த்தாள். "அதை வச்சிட்டு வாங்கன்னு நான் சொல்லல. ஒங்களுக்கும் குத்தாம, அடுத்தவங்களுக்கும் தெரியாம ஒரு வழி பண்ணிக் குடுத்தா வருவீங்களா?"

"பண்ணிடுவியா நீ?"

"பண்ணிட்டா?"

"பண்ணிட்டா வரேன்."

வாக்கு வாங்கியாயிற்று. மலிகா தையல் மிஷினின் மேலிருந்த துணியை எடுத்தாள்.

வியாபாரிகள் கைலிக்கு மேல் கட்டுகிற அகலமான பச்சை பெல்ட்டில்தான் ஜமாலுதீன் இதுவரை அதைச் செருகிக்கொண்டிருந்தார். நின்றால் சரி. நடந்தால் ஒரு பக்கம் இழுக்கும், பூவம்மாள் கண்ணில் படும். தொழுகையில் சஜ்தாவுக்கு நெற்றியைத் தரையில் வைத்தால் பிடி வயிற்றில் ஏறும். இடுப்புக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார்கள். ஜீப்பில் சாய முடியவில்லை, தரையில் சம்மணம் போட முடியவில்லை.

"முழங்காலுக்குக் கீழ கட்டிக்கிட்டா? வேட்டி மறச்சிக்கும்," என்றாள் மலிகா.

"தொழுகைக்கு ஒளு செய்யும்போது கால் கழுவ வேணாமா? பள்ளிவாசல் தொட்டியாண்ட வேட்டியத் தூக்கினேன்னா நாலு பேரு மயக்கம் போட்டு உள்ள விழுவான்."

"வெத்தலைப் பெட்டிக்குள்ள?"

"ஒங்க உம்மா பாக்கு எடுக்கிறேன்னு கையை விடுவாங்க. பேசாம தொப்பிக்குள்ள வச்சிக்கிறேன். ஆசீர்வாதம் பண்ணுற ஆளு கையில தட்டினா தட்டட்டும்."

அவர் வேடிக்கையாகப் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! மலிகா ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

வலது பக்கம் ஆகாது என்று அவளே தீர்மானித்தாள். கல்யாணச் சாப்பாடு சஹனில் வரும். ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். வலது கை போய்வந்துகொண்டே இருக்கும். இடது பக்கம்தான், அதுவும் இடுப்பில் இல்லாமல் நன்றாக மேலே, அக்குளுக்குக் கீழே விலாவோடு ஒட்டினாற்போல். அவளுக்குத் தெரிந்த வெட்டு ஒன்றுதான், பெண்களுக்குத் தைக்கிற பாடி. அதில் பாதியைக் காக்கித் துணியில் வெட்டினாள். உள்ளே உரசாமல் இருக்கப் பிள்ளைகளின் பழைய பிளானல் துணியைக் கொடுத்தாள். தோளுக்கு ஒரு பட்டை, முதுகில் முடிச்சுப் போட இரண்டு நாடா.

ஜமாலுதீன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "ஏண்டி, ஒங்க உம்மாவுக்குத் தச்சத எனக்குக் குடுத்துட்டியா?"

"போட்டுப் பாருங்க, அப்பறம் பேசுங்க."

போட்டார். நடந்தார், உட்கார்ந்தார், குனிந்து சஜ்தா செய்தார். எங்கேயும் குத்தவில்லை. மேலே கழுத்து மூடின கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடிமுன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றாள் மலிகா. "நான்தான் மாப்பிள்ளை. மொதல்ல குண்டையெல்லாம் எடுத்து பீரோவுல வச்சிப் பூட்டிட்டு வாங்க. இல்லன்னா நான் ஜீப்பை விட்டு எறங்க மாட்டேன்."

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். அவர் குண்டுகளை வைத்துப் பூட்டிவிட்டு, சங்கடமான சிரிப்போடு வந்து நின்றார். மலிகா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மிடுக்காக நாலடி நடந்து வந்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று கையை விரித்தாள்.

முதல் தழுவலில் அவர் உடம்பு மரக்கட்டைபோல் விறைத்திருந்தது. அவள் அவசரப்படவில்லை. அவர் மார்பில் காது பட, அந்த இதயம் ஓடுகிற ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றாள். மெல்ல மெல்ல ஓட்டம் குறைந்தது. அவர் கை ஒன்று தயங்கித் தயங்கி வந்து அவள் தலைமேல் உட்கார்ந்தது.

"குத்துதா?" என்றார்.

"ம்ஹூம்."

மறுபக்கம் மாறி இரண்டாவது முறை தழுவினாள். இந்தத் தடவை அவரே இழுத்துக்கொண்டார்.

"இப்ப?"

"தெரியவேயில்ல மச்சான். சத்தியமா."

மூன்றாவதற்கு முன்னால், வாசலில் "நெத்திலி இருக்குதும்மா!" என்று பூவம்மாளின் குரல் கேட்டது. இரண்டு பேரும் கல்யாணமான புதிதில் பிடிபட்டதுபோல் விலகிக்கொண்டார்கள். மலிகாவின் முகம் சிவந்திருந்தது. நெத்திலியை அவள் பேரமே பேசாமல் வாங்கினாள்.

நிக்காஹுக்கு முதல்நாள் காலையில் ஜீப்பில் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவர் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தாரே தவிர, ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, கோயில் கோபுரங்கள் தெரிந்தபோது மலிகா மனசுக்குள் தன் தையலை மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் சித்திரை வெயில் பந்தலைப் பிளந்தது.

"இன்னா மச்சான், இந்த அனல்ல கோட்டு! மாப்பிள்ளை நீங்களா அவனா?" என்று நஸ்ருதீன் கிண்டலடித்தான்.

"எனக்கும் அழகாத் தெரியணும்னு ஆசை இருக்காதாடா?" என்று ஜமாலுதீன் சமாளித்தார்.

பெண்கள் மாடியில் சன்னல் தட்டிக்குப் பின்னால் கூடியிருந்தார்கள். மாப்பிள்ளை ரஃபியுதீனின் கார் வந்து நின்றது. இறங்கியவனைப் பார்த்ததும் மலிகாவுக்குத் திக்கென்றது. பெண் பார்க்க வந்தபோது அவனை உட்கார்ந்தபடிதான் பார்த்திருந்தாள். பையன் எழுந்து நின்றால் பனைமரம்! ஜமாலுதீனைவிட ஒரு சாண் அதிகம். சுபாவம் மட்டும் கூச்சம். கழுத்து மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தரையைப் பார்த்தே நடந்து வந்தான்.

ஜமாலுதீன் முன்னால் போய்க் கையை விரித்தார். முதல் தழுவல் நன்றாகவே நடந்தது. பக்கம் மாறினார்கள். ரஃபியுதீனின் நீண்ட கை ஜமாலுதீனின் இடது அக்குளுக்குக் கீழே நுழைந்து முதுகுப் பக்கம் போனது. போன கை பாதியிலேயே நின்றது.

மேலிருந்து பார்த்த மலிகாவுக்கு அவன் முகம் நன்றாகத் தெரிந்தது. ரத்தம் அப்படியே இறங்கிப்போயிற்று. ஜமாலுதீனின் காதில் என்னவோ சொன்னான். மூன்றாவது தழுவல் நடக்கவில்லை. அவன் ஓரடி பின்னுக்குப் போய், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாலையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடி இது, ரெண்டோட நிறுத்திட்டாங்க?" என்றார் சைதுன் பீவி.

"வெயில் உம்மா. மாலை கசங்கிடும்னு நிறுத்தியிருப்பாங்க," என்றாள் மலிகா. தப்பு எங்கே என்று அப்போதே அவளுக்குப் புரிந்தது. அவள் ஜமாலுதீனின் மார்பு உயரம்தான் இருப்பாள். அவளுடைய கை அவர் இடுப்பைச் சுற்றித்தான் போகும். தன் உயரத்தையே உலகத்தின் உயரமாக வைத்துக்கொண்டு பை தைத்திருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில், பின்கட்டில் ஜமாலுதீன் கூப்பிடுவதாக யாரோ வந்து சொன்னார்கள். அவள் ஓடினாள். அவர் கிணற்றடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"தெரிஞ்சிடுச்சி, மலிகா."

"பாத்தேன். என் தப்புதான். ரொம்ப மேல தச்சிட்டேன்."

"அத விடு. அவன் எங்காதுல இன்னா சொன்னான் தெரியுமா? 'அண்ணே, ஜெய்னபை நல்லா வச்சிக்குவேன்ணே. என்னை நம்புங்கண்ணே'ன்னான். அவன மெரட்டத்தான் கட்டிக்கினு வந்திருக்கேன்னு நெனச்சிட்டான்."

மலிகாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"அவன் நெஞ்சு அடிச்சது என் நெஞ்சுல கேட்டுது. தோப்புல எனக்கு அப்பிடித்தான் அடிச்சிக்கிச்சி. அந்தப் பயத்த நான் கொண்டாந்து இவன் கழுத்துல மாலையாப் போட்டுட்டேன். இப்ப நிக்காஹ் செய்ய ஹஜ்ரத் வந்து சம்மதமான்னு கேப்பாரு. அவன் என் கோட்டப் பாத்துக்கினே 'கபூல்'னு சொல்லுவான். பயந்து சொன்னா அது நிக்காஹா? நாளைக்கு ஜெய்னப் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

"அவன்கிட்டப் போயி சொல்லிடுங்க."

"இன்னான்னு? வியாபாரிக்கு பந்தோபஸ்துன்னா?"

"இல்ல மச்சான். உள்ளத."

பந்தலில் பைத்து வாழ்த்துப் பாடுகிறவர்களின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவளிடம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"முடிச்ச அவுரு."

பழக்கதோஷம். பின்னாலிருந்து கிட்டே போகும்முன் மலிகாவின் கை தானாக வளையலைக் குலுக்கியது.

"வளையல ஆட்ட வேணாம்," என்றார் அவர், திரும்பாமலேயே. "நீதான்னு தெரியும்."

அவள் எதற்காகக் குலுக்கினாள் என்பது இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நாடா வியர்வையில் இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பி, கண்ணீர் கண்ணை மறைக்க மறைக்க, ஒருவழியாக முடிச்சை அவிழ்த்தாள். அவர் குண்டுகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துப்பாக்கியைப் பையோடு உம்மாவின் அறையிலிருந்த இரும்பு பீரோவில் வைத்துத் தானே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கோட்டை மாட்டிக்கொள்ளாமல் நனைந்த சட்டையோடு பந்தலுக்குப் போனார்.

மலிகா சன்னலுக்கு ஓடினாள்.

ஜமாலுதீன் ரஃபியுதீனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பையன் இடம் விட்டு ஒதுங்கினான். அவர் குனிந்து பேச ஆரம்பித்தார். என்ன பேசினார் என்பது மாடிக்குக் கேட்கவில்லை. முதலில் வார்த்தை வராமல் தடுமாறுகிறார் என்பது மட்டும் அவர் தோளைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது. பேசிக்கொண்டே வந்தவர் தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளி, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் பின்மண்டையில் வைத்தார். அந்தத் தழும்பை இத்தனை நாளில் டாக்டரைத் தவிர வேறு யாரையும் அவர் தொடவிட்டதில்லை. மலிகாகூடத் தொட்டதில்லை.

ரஃபியுதீனின் விரல்கள் முடிக்குள் மெதுவாக நகர்ந்தன. அவன் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது. அவன் என்னவோ கேட்டான், அவர் சொன்னார். அவன் மறுபடி என்னவோ கேட்டதும் ஜமாலுதீன் பந்தலே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தார்.

ரஃபியுதீன்தான் முதலில் எழுந்தான். எழுந்து, பாக்கியிருந்த மூன்றாவது தழுவலுக்குக் கையை விரித்தான். அந்த நீண்ட கைகள் ஜமாலுதீனின் முதுகுக்குப் பின்னால் போய்ப் பட் பட்டென்று தட்டின. முதல் தட்டுக்கு அவர் தோள் ஒரு தரம் தூக்கிப்போட்டது. அடுத்ததற்குத் தூக்கிப்போடவில்லை.

அப்போதுதான் உள்ளே வந்த ஹஜ்ரத், "என்னப்பா, நிக்காஹுக்கு முன்னாடியே முபாரக் வாழ்த்தா? எனக்கு இங்க வேலை இருக்கா, இல்லையா?" என்றார். பந்தல் சிரித்தது. சற்றுப் பொறுத்து, "கபூல்" என்று ரஃபியுதீன் சொன்னது மாடிவரை தெளிவாகக் கேட்டது. ஜெய்னப் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது ஜமாலுதீன் பீரோவைத் திறந்து பையை எடுத்தார். எடுத்துவிட்டு, குற்றம் செய்தவர்போல் மலிகாவைப் பார்த்தார்.

"ரோட்டுக்கு வேணும், மலிகா. ஊட்டுக்கு வேணாம். இப்போதைக்கு அவ்ளோதான் முடியுது."

"ரோட்டுக்கு வச்சிக்குங்க. அதுக்குத்தானே தச்சேன்." அவள் பின்னால் வந்து, வளையலைக் குலுக்காமல், நாடாவை முடிந்தாள். "அவன் அப்பிடி இன்னா கேட்டான், நீங்க அந்தச் சிரிப்பு சிரிச்சீங்க?"

"அந்தப் பைய யாருண்ணே தச்சா, இவ்ளோ பாங்கா இருக்குதுன்னான். எம் பொண்டாட்டின்னேன். இந்த ஊட்டுப் பொண்ணுங்க எல்லாருமே இப்பிடித்தானா, அப்ப நான் பயந்ததுல தப்பே இல்லன்னான்."

மலிகா சிரித்தாள். வெளியே ஜீப்பில் பிள்ளைகள் ஹாரனை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் கோட்டை எடுக்கப் போனார்.

"மச்சான், நம்ம ஒத்திகையில மூணாவது பாக்கி இருக்குது."

குண்டுகள் இன்னும் துப்பாக்கிக்குள் போகவில்லை, அவர் சட்டைப் பையில்தான் இருந்தன. அவர் கதவைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், கையை விரித்தார். மலிகா இந்த முறை இடுப்போடு நிறுத்தவில்லை. நுனிக்காலில் எம்பி, அந்தப் பனைமரத்தின் உயரத்துக்குக் கையைத் தூக்கி, அவர் அக்குளுக்குக் கீழே கொடுத்து முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"குத்துதா?" என்றார்.

"கொஞ்சம் குத்துது," என்றாள். கையை எடுக்கவில்லை.